விலாங்கின் அருகே ஒரு கை

கிள்ளான்,
4-3-2024

திரு. மெய்யப்பன் அவர்களுக்கு,

வணக்கம். இந்தக் கடிதத்தில் ஐந்து விஷயங்கள் உள்ளன. வரிசை தவறாமல் எழுத முயல்கிறேன்.

1. உங்கள் கண்காட்சியில் நான் பார்த்த ஒரு படம்.
2. அந்தப் படத்தில் உள்ள கை யாருடையது என்பது.
3. படம் எடுக்கப்பட்ட நாள்.
4. அந்த நாளில் நான் எங்கே இருந்தேன் என்பது.
5. முப்பது வருடங்களாக நீங்கள் என்னிடம் மறைத்தது.

முதலாவது. சனிக்கிழமை காலை கொமுட்டர் ரயில் ஏறி பிரிக்பீல்ட்ஸ் வந்தேன். மண்டபத்தில் உங்கள் ஸ்டூடியோவின் ஐம்பது வருடப் படங்கள் மாட்டியிருந்தன. மணமக்கள், காவடிகள், கடைத் திறப்பு விழாக்கள், பல் முளைக்காத குழந்தைகள். நீங்கள் வாசலில் ஆட்கள் சூழ நின்றிருந்தீர்கள். குறுக்கிட விரும்பாமல் சுவரோரமாகப் பார்த்துக்கொண்டே போனேன். மாடிப்படிக்குப் பக்கத்தில், முப்பத்திரண்டு என்று எண்ணிட்ட படத்தின் முன்னால் நின்றுவிட்டேன். உங்கள் மகள் அர்ச்சனா வந்து, "அங்கிள், என்ன இங்கேயே நின்னுட்டீங்க? கறிபஃப் எடுங்க, ஆறிடும் லா" என்றாள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிப் புறப்பட்டேன். அது பொய். அடுத்த ரயிலுக்கு அரை மணி நேரம் இருந்தது. அதை நிலையத்தில் உட்கார்ந்து கழித்தேன்.

படத்தை விவரிக்கிறேன். ஆழமில்லாத கடல். கீழே வெளிர் மணல். மணலின்மேல் கறுப்பு வெள்ளை வரிகளோடு ஒரு கடல் பாம்பு. அதன் தலைக்கு ஒரு சாண் தூரத்தில், தண்ணீருக்குள், ஒரு பெண்ணின் வலது கை. ஆள்காட்டி விரல் பாம்பை நோக்கி நீண்டிருக்கிறது. மேல் ஓரத்தில் ஒரு தட்டைப் பாறை. இடது மூலையில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் வாளியின் விளிம்பு. கீழே நீங்கள் வைத்த பெயர்: நம்பிக்கை.

இரண்டாவது. அது என் மனைவி இராஜம்மாவின் கை. கட்டைவிரலின் அடியில் ஒரு வெள்ளைத் தழும்பு தெரிகிறது. கிள்ளான் பக்கம் மேருவில் மீன் டின் அடைக்கும் தொழிற்சாலையில் அவள் வேலை செய்தபோது தகரம் கிழித்தது. ஏழு தையல். நான்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அவள் போய் ஐந்து வருடமாகிறது. அந்தக் கையைப் பார்த்தவுடன் அடையாளம் சொல்லக்கூடியவன் இனி நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன். இப்போது அது மூன்றடி அகலத்தில், போவோர் வருவோர் கறிபஃப் தின்றுகொண்டே பார்க்கும்படி, உங்கள் சுவரில் தொங்குகிறது.

மூன்றாவது. படத்தின் கீழ் மூலையில் கேமரா பதித்த ஆரஞ்சு எண்கள்: 93 12 11. அதாவது 1993 டிசம்பர் 11. கணக்குப் போட்டுப் பார்த்தேன், சனிக்கிழமை.

நான்காவது. அன்று நான் கிள்ளானில் என் வீட்டில் மேசை முன்னால் உட்கார்ந்து உயிரியல் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அந்த டிசம்பர் முழுவதும் அதுதான் வேலை. இராஜம்மா சிரம்பானில் தன் தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பச்சைச் சேலை கட்டியிருந்தாள்.

ஆனால் அந்தத் தட்டைப் பாறை நாம் பி.டி. என்று சொல்லும் போர்ட் டிக்சனில் இருக்கிறது. அதே வருடம் ஆகஸ்டில் என் மாணவர்களை அங்கே அழைத்துப் போயிருந்தேன். நீங்களும் படம் எடுக்க வந்தீர்கள். மணலில் இதே போன்ற ஒன்றைக் கண்டு, விஷம், விலகுங்கள் என்று நான் கத்தினேன். குனிந்து பார்த்துக்கொண்டிருந்த இராஜம்மாவைக் கையைப் பிடித்து இழுத்தேன். நான் ஆபத்து என்று சொன்னதன் பக்கத்தில், நான்கு மாதம் கழித்து, நீங்கள் சொல்லி அவள் அதே கையை வைத்திருக்கிறாள். என் பேச்சைவிட உங்கள் பேச்சில் அவளுக்கு நம்பிக்கை. படத்துக்குப் பெயர் பொருத்தமாகவே வைத்திருக்கிறீர்கள்.

ஐந்தாவதை எழுத எனக்குச் சொற்கள் வரவில்லை. தலைப்பை மட்டும் எழுதிவிட்டேன். மீதியை நீங்கள்தான் எழுத வேண்டும்.

உங்களுக்குத் தொலைபேசியில் காது கேட்பதில்லை. எனக்கு வாட்ஸ்அப்பில் எழுத வராது. அதனால் தபால். இந்தப் படங்களை அர்ச்சனா ஏப்ரலில் புத்தகமாக அச்சிடப் போவதாக அறிவிப்புப் பலகையில் இருந்தது. முப்பத்திரண்டாம் எண் படம் அதில் வரக் கூடாது.

இப்படிக்கு,
கார்த்திகேசு


பிரிக்பீல்ட்ஸ்,
9-3-2024

திருவாளர் கார்த்திகேசு அவர்களே,

எப்படி இருக்கிறது? உறைக்கிறதா? பள்ளியில் ஃபார்ம் ஒன்றிலிருந்து வாடா, போடா. அறுபத்திரண்டு வருஷம் கழித்து 'நீங்கள்'. தபால்காரரிடம், இது எனக்கு வந்த கடிதம்தானா, வரி அலுவலகத்துக்குப் போக வேண்டியதா என்று கேட்டேன்.

ஐந்தாவது விஷயத்துக்குத் தலைப்பு மட்டும் கொடுத்திருக்கிறாய். கேள்வித்தாள் தயாரித்துப் பழகிய கை. வெற்றிடத்தை நிரப்புக, பத்துப் புள்ளி. நான் நிரப்ப மாட்டேன். உன் மனதில் ஒரு கேள்வி இருக்கிறது. அதைச் சுற்றிச் சுற்றி நாலு பக்கம் எழுதியிருக்கிறாயே தவிர, கேட்கவில்லை. கேள்.

படத்தின் கீழே அவள் பெயரைப் போடலாம் என்று அர்ச்சனா சொன்னாள். "உங்க அங்கிள் கோவிச்சுக்குவான், மொதல்ல அவன் வரட்டும், கேட்டுட்டுப் போடலாம்" என்றேன். நீ வந்தாய். நான் திரும்புவதற்குள் ஓடிவிட்டாய். அன்றைக்கு உனக்காகவே வெங்காயம் போடாத கறிபஃப் பத்து தனியாகச் செய்யச் சொல்லியிருந்தேன். அவற்றை நானே தின்று வயிற்றுவலி வந்தது. அதுவும் உன் கணக்கில்தான்.

இரண்டு காரியம் செய். ஒன்று, கண்காட்சி பதினேழாம் தேதி வரை இருக்கிறது. மறுபடி வா. இந்த முறை கையை விட்டுவிடு, பக்கத்தில் இருப்பதைப் பார். அது பாம்பு இல்லை, வாத்தியாரே.

இரண்டு. எத்தனை மணிக்கு எழுந்தாய், எத்தனை மில்லிமீட்டர் மழை பெய்தது, யார் வந்தார், யார் போனார் என்று தினமும் ஒரு குறிப்பேட்டில் எழுதுவாயே. 1993 எங்கே? திறந்து பார்.

மெய்யப்பன்


கிள்ளான்,
15-3-2024

மெய்யப்பன்,

'நீ' என்றே எழுதுகிறேன். பழக்கத்தை மாற்றுவது கடினமாக இருக்கிறது. அன்பு குறையவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நேற்று மறுபடி வந்தேன். நீ சாப்பிடப் போயிருக்கும் நேரம் பார்த்துத்தான் வந்தேன். படத்தின் முன்னால் பத்து நிமிடம் நின்றேன். கையை விட்டுவிட்டுப் பார் என்றாய். முடியவில்லை. கண் அங்கேயே போகிறது. ஆனாலும் வரிகளை எண்ணினேன். இருபத்தெட்டு. வால் துடுப்புப் போலத் தட்டையாக இருந்தால் அது கடல் பாம்பு. இந்தப் படத்தில் வால் மணலுக்குள் மறைந்திருக்கிறது. முதுகில் ஒரு மெல்லிய விளிம்பு தெரிகிறது. தண்ணீரின் நெளிவாக இருக்கலாம். உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நான் எதையும் உறுதியாகச் சொல்பவன் அல்ல என்பது உனக்குத் தெரியும். வாழ்க்கையில் ஒரே ஒருமுறை, முப்பத்தெட்டு மாணவர்கள் முன்னால், உறுதியாக ஒன்றைச் சொன்னேன். அதுவும் தவறு என்கிறாய்.

குறிப்பேடுகள் மாடிப்படியின் கீழே பிஸ்கட் தகரப் பெட்டிகளில் இருக்கின்றன. 1993 அடிப்பெட்டியில். கறையான் அரித்திருக்கும் என்று திறக்கவில்லை. இல்லை, அது காரணமல்ல. திறந்தால் அந்தத் தேதியில் 'இரா. சிரம்பான்' என்று என் எழுத்திலேயே இருக்கும். அவள் சொன்ன பொய்யை நானே உண்மை என்று நம்பி எழுதி வைத்திருப்பேன். அதைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

கேள் என்றாய். கேட்பதற்கு முன், இந்தப் பத்து நாட்களாக என் தலைக்குள் ஓடுவதைச் சொல்ல வேண்டும்.

என் ஆல்பங்களில் இராஜம்மா சிரித்துக்கொண்டிருக்கும் படங்கள் பதினொன்று. நேற்றிரவு எண்ணினேன். எட்டு நீ எடுத்தவை. நான் எடுத்த மூன்றில், பல் டாக்டரைப் பார்ப்பதுபோல என்னைப் பார்க்கிறாள்.

ஒரு தீபாவளிக்கு நீ வந்து, மணமகன் மீசை ஒட்டிக்கொண்டு படம் எடுக்க வந்த கதையைச் சொன்னாய். அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஒரு வாரம் கழித்து அதே கதையை, ஒரு சொல் மாறாமல், நான் சொல்லிப் பார்த்தேன். "அப்புறம்?" என்று கேட்டாள்.

நீ வருகிற நாளில் நெத்திலிச் சம்பலில் உறைப்பு அதிகம் இருக்கும். எனக்கு உறைப்பு ஆகாது. அதை நான் ஒரு நாளும் சொன்னதில்லை.

உன்னை அவள் 'அண்ணே' என்றுதான் அழைத்தாள். அதில் எனக்கு எப்போதும் நிம்மதி இருந்தது. இப்போது, அந்தச் சொல்லையும் ஒரு திரையாகப் பிடிக்க முடியும் என்று தோன்றுகிறது. எழுபத்தைந்து வயதில் இப்படித் தோன்றுவதற்கு வெட்கப்படுகிறேன். ஆனாலும் தோன்றுகிறது. ஷா ஆலமிலிருந்து வந்திருந்த மகள் தாமரையிடம் பாதியைத்தான் சொன்னேன். "அப்பா, அம்மா போயி அஞ்சு வருஷம் ஆச்சு. இப்பப் போயி பொறாமையா? பைத்தியமா லா உங்களுக்கு?" என்றாள். இருக்கலாம்.

கேட்கிறேன். நீ அவளைத் தனியாக அழைத்துப் போனாயா? எதற்காக?

கார்த்திகேசு


பிரிக்பீல்ட்ஸ்,
23-3-2024

கார்த்தி,

முதல் முறை படித்தபோது உன் கடிதத்தைக் கிழிக்கப் போனேன். அர்ச்சனா பிடுங்கி வைத்துக்கொண்டாள். மறுநாள் வாங்கிப் படித்தேன். அந்தக் கடைசிக் கேள்வியை எழுத எத்தனை தாள் கசக்கிப் போட்டாய்? ஐந்தா? சரி, கேட்டுவிட்டாய். சொல்கிறேன்.

நான் அவளை அழைத்துப் போகவில்லை. அவள்தான் என்னை அழைத்துப் போனாள்.

டிசம்பர் முதல் வாரம் பஸ் பிடித்து ஸ்டூடியோவுக்கு வந்தாள். கோமதி கல்லாவில் இருந்தாள். என் மனைவி ஒரு ஆள் முன்னால் இருந்தால் அங்கே இரகசியம் எதுவும் தங்காது, உனக்கே தெரியும். உன் மனைவி நின்றபடியே சொன்னாள்:

"அண்ணே, உங்க ஃப்ரெண்டு அத பாம்புங்கறாரு. நான் மீனுங்கறேன். எனக்கு ஒரு படம் வேணும்."

"எத?"

"பி.டி.யில பாத்தோமே, அதத்தான். புள்ளைங்க முன்னாடி என்னைய தரதரன்னு இழுத்தாரு. செருப்பு போச்சு. போனா போவுது. ஆனா அது மீன்."

"அவன் படிச்சவன் ஆச்சே லா?"

"அவரு படிச்சாரு. நான் பதினோரு வருஷம் மீன் கழுவுனேன். பாம்புக்கு முதுகுல துடுப்பு இருக்குமா அண்ணே?"

கோமதி உள்ளேயிருந்து, "போய்ட்டு வாங்க. எனக்கு கார்ல வாந்தி வரும், நான் வரல. இவளையும் கூட்டிட்டுப் போங்க, லீவுல என் உயிர வாங்குறா" என்று அர்ச்சனாவைத் தள்ளிவிட்டாள். அர்ச்சனாவுக்கு அப்போது ஆறு வயது. அந்தச் சிவப்பு வாளி அவளுடையது. வாளியின் விளிம்பு வரை குறித்து வைத்தாய். யார் வாளி என்று ஒரு நொடி யோசித்தாயா?

சனிக்கிழமை காலை உன் வீட்டு வாசலில்தான் என் பழைய டட்சனை நிறுத்தினேன். ஹார்ன் அடித்தேன். சிவப்புப் பேனாவோடு ஜன்னல் வழியாக நீ கை ஆட்டினாய். கள்ளத்தனமாகப் போகிறவன் ஹார்ன் அடிப்பானா, வாத்தியாரே?

தண்ணீர் வற்றியிருந்தது. இரண்டு மணி நேரம் முழங்கால் ஆழத்தில் நடந்தோம். ஒன்றும் இல்லை. அர்ச்சனா பசி என்று அழுதாள். போகலாம் என்றேன். இராஜம்மா கையைக் காட்டி நிறுத்தினாள். மணலில் ஒரு முகம் மட்டும். கட்டைவிரல் நுனி அளவு. இரண்டு குட்டிக் குழாய் மாதிரி மூக்கு, கீழே பார்த்தபடி. பிறகு அது வெளியே வந்தது. வந்துகொண்டே இருந்தது. ஒரு முழம், ஒன்றரை முழம், உடம்பெல்லாம் கறுப்பு வளையம். ஒவ்வொரு பொந்தாக மூக்கை விட்டுப் பார்த்தது, பாசாரில் வாங்காமல் விலை மட்டும் கேட்டுப் போகிற ஆள் மாதிரி. நான் கரைப் பக்கமாக ஓர் அடி பின்னால் வைத்தேன்.

"ஆடாதீங்க அண்ணே. அது ஏமாத்துது."

"என்ன ஏமாத்துது?"

"பாம்பு மாதிரி சட்ட போட்டுக்கிட்டு நிக்குது. பெரிய மீனெல்லாம் பயந்துரும்ல. பாருங்க, தலையிலேர்ந்தே துடுப்பு ஓடுது. செதிலே இல்ல. விலாங்கு ஜாதி."

அது வாலை மணலில் நுழைக்கத் தொடங்கியபோது குனிந்து கையைத் தண்ணீருக்குள் விட்டாள். "எடுங்க. என் கையும் வரணும். அப்பத்தான் அவரு நம்புவாரு. பாம்புன்னா நான் கைய வப்பேனா?"

புரிகிறதா? அந்தக் கை எனக்காக வைத்தது இல்லை. என் பேச்சைக் கேட்டு வைத்ததும் இல்லை. நான் கரைக்கு ஓடப் பார்த்தவன். அது உனக்கு வைத்த கை. படத்தின் பெயரும் அவள் வாயிலிருந்து எடுத்ததுதான்.

அது திரும்பிப் போனதையும் சொல்லிவிடுகிறேன். தலையைத் திருப்பவே இல்லை. வால் நுனியாலேயே மணலைத் துளைத்து, பின்பக்கமாகவே உள்ளே இறங்கியது. கடைசியில் பழையபடி முகம் மட்டும், எங்களைப் பார்த்துக்கொண்டு. "எங்க வீட்டுக்காரரு மாதிரியே" என்றாள் உன் மனைவி. மன்னித்துக்கொள். அவள் சொன்னதை மாற்றச் சொல்கிறாயா?

திரும்பும் வழியில் ஒன்று கேட்டுக்கொண்டாள். "இத வச்சு அவர கிண்டல் பண்ணாதீங்க அண்ணே. அவரே பாத்து, அவரே ஒத்துக்கட்டும்." நான் கிண்டல் பண்ணவில்லை. இந்த நாக்கை முப்பது வருஷம் கட்டிப்போட்டது அது ஒன்றுதான்.

பொறாமை என்று எழுதியிருந்தாய். உனக்கு மட்டும்தான் அது வரும் என்று நினைக்கிறாயா? நான் எடுத்த ஒரு படத்தின் முன்னால் கோமதி அரை நிமிஷம் நின்றதில்லை. நல்லது, கெட்டது, ஒரு வார்த்தை இல்லை. உன் வீட்டுக்காரி, நீ சொன்ன ஒரே ஒரு தப்புக்காக, உன்னோடு சண்டை போட ஒரு மீனைத் தேடி இரண்டு மணி நேரம் தண்ணீரில் நின்றாள். அன்று காரை ஓட்டிக்கொண்டு வரும்போது எனக்கு உன்மேல் எவ்வளவு எரிந்தது தெரியுமா?

மெய்யப்பன்


கிள்ளான்,
28-3-2024

மெய்யப்பா,

உன் கடிதம் வந்ததும், 1971-இல் வாங்கிய கடல் உயிரினப் புத்தகத்தை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு தாளில் கோடு போட்டு, இடப்பக்கம் பாம்பு, வலப்பக்கம் மீன் என்று எழுதினேன். தலையிலிருந்து தொடங்கும் துடுப்பு. செதிலின்மை. குழாய் மூக்கு. வால் நுனியால் மணலில் இறங்குவது. எல்லாம் வலப்பக்கம் விழுந்தன. பாம்பு விலாங்கு என்னும் வகை. மணற்பாங்கான ஆழமற்ற கடலில் வாழ்வது. விஷமில்லை. விஷமுள்ளதன் வரிகளை அணிந்து தப்பிப்பது. அது மீன். ஒப்புக்கொள்கிறேன். அந்தப் புத்தகம் 1993-லும் என் அலமாரியில்தான் இருந்தது.

ஆனால் என் மனம் ஆறவில்லை. இன்னும் மோசமாகிவிட்டது.

2004 வரை, இன்னும் பதினொரு முறை மாணவர்களை அங்கே அழைத்துப் போனேன். ஒவ்வொரு முறையும் அந்தப் பாறைக்குப் பக்கத்தில் நின்று, இங்கே கடல் பாம்பு உண்டு என்று சொன்னேன். நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களோடு பின்னால் நிற்கும் இராஜம்மா, "சார் சொன்னா கேளுங்க, தள்ளி நில்லுங்க லா" என்று பிள்ளைகளை விலக்குவாள். பதினொரு முறையும். உள்ளுக்குள் சிரித்திருப்பாள். அந்தச் சிரிப்பில் உனக்குப் பங்கு இருந்தது, எனக்கு இல்லை.

நான் பயந்தது வேறு. அது இல்லை என்று இப்போது தெரிகிறது. அதற்காக வெட்கப்படுகிறேன், மன்னித்துவிடு. ஆனால் மணலுக்குள்ளிருந்து ஒரு முகம் வெளியே வருவதை நீங்கள் இருவரும் சேர்ந்து பார்த்தீர்கள். ஆறு வயதுக் குழந்தைகூடப் பார்த்தது. நாற்பத்தொரு வருடம் அவளோடு வாழ்ந்தவன் பார்க்கவில்லை. இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் கை ஆட்டியதாகச் சொல்கிறாய். எனக்கு நினைவில்லை. என் நினைவில் பச்சைச் சேலையும் சிரம்பானும்தான் இருக்கின்றன. அவள் என்னிடம் சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை. ஐந்தாவது குறிப்பு அப்படியே நிற்கிறது. படம் புத்தகத்தில் வேண்டாம்.

கார்த்திகேசு


பிரிக்பீல்ட்ஸ்,
3-4-2024

கார்த்தி,

அர்ச்சனா அந்தப் பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறாள். அச்சகம் இருபதாம் தேதி கேட்கிறது. நீ வேண்டாம் என்றால் வேண்டாம். உன் மனைவி, உன் உரிமை. வெள்ளைப் பக்கமாகவே போகட்டும்.

ஒன்று மட்டும். அவள் உன்னிடம் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறாய். ஜனவரியில் படத்தை வாங்கிப் போக ஸ்டூடியோவுக்கு வந்தாள். "சொன்னியா?" என்று கேட்டேன். "அன்னிக்கே சொல்லிட்டேன் அண்ணே. தாள் திருத்திக்கிட்டே கேட்டாரு. படத்தப் பாத்தா பேசுவாரு" என்றாள். உறையில் போட்டுக் கொடுத்தேன். அதற்குப் பிறகு ஒரு வருஷம் காத்திருந்தேன், நீ பேச்சை எடுப்பாய் என்று. எடுக்கவில்லை. வாத்தியாருக்குக் கௌரவம், தப்பை ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை என்று விட்டுவிட்டேன். உனக்குத் தெரியாது என்பதே எனக்கு இந்த மார்ச் மாதம்தான் தெரியும்.

சொல்லிவிட்டேன் என்றாள் அவள். நீ இல்லை என்கிறாய். நான் யாரை நம்ப? தீர்ப்பு சொல்கிற சாட்சி உன் மாடிப்படிக்குக் கீழே பிஸ்கட் பெட்டியில் இருக்கிறது. கறையான் இருந்தால் மருந்து அடி.

மெய்யப்பன்


கிள்ளான்,
12-4-2024

அன்புள்ள மெய்யப்பா,

நோன்புப் பெருநாள் விடுமுறைக்குத் தாமரை வந்திருந்தாள். அவள்தான் அடிப்பெட்டியை வெளியே இழுத்தாள். கறையான் இல்லை. பெட்டிக்குள் பிஸ்கட் வாசம்கூட மிச்சம் இருந்தது. மூடியை அவள் திறந்தாள். பக்கங்களை நான் புரட்டினேன். எழுதியிருப்பதை அப்படியே கீழே தருகிறேன். எதையும் சேர்க்கவில்லை, குறைக்கவில்லை.

14-8-1993. பி.டி. மாணவர் 38. வரிக் கடல் பாம்பு ஒன்று. விஷம். இரா. அது மீன் என்கிறாள். கற்பனை.

11-12-1993. காலை 7.10, மெய்யப்பன் கார் வந்தது. இரா. அவனோடும் அவன் மகளோடும் பி.டி. போனாள். மாலை 6.40 திரும்பினாள். ஏதோ மீனைப் பற்றி நெடுநேரம் பேசினாள். கேட்க நேரமில்லை. தாள் 41 முடிந்தது. மழை 12 மி.மீ.

18-12-1993. இரா. சிரம்பான், தங்கை வீடு.

9-1-1994. மெய்யப்பன் கொடுத்த உறை மேசைமேல் இருக்கிறது. பிரித்துப் பார்க்கச் சொல்கிறாள். பிறகு.

16-1-1994. உறை இன்னும் மேசைமேல்.

அதற்குப் பிறகு உறையைப் பற்றி ஒன்றும் இல்லை. பிப்ரவரி முழுவதும் பார்த்தேன், மார்ச்சும் பார்த்தேன். அதை அவள் எடுத்து வைத்துக்கொண்டாளா, எங்கே வைத்தாள், எத்தனை நாள் பொறுத்திருந்து எடுத்தாள், எதுவும் எழுதவில்லை. வீடு முழுக்கத் தாமரை தேடிவிட்டாள். கிடைக்கவில்லை.

பச்சைச் சேலை அடுத்த சனிக்கிழமைக்குரியது. பதினொன்றாம் தேதி அவள் என்ன உடுத்தியிருந்தாள் என்று எனக்குத் தெரியாது. என் நினைவு ஒரு வாரத்தை நகர்த்தி, ஒரு பொய்யைச் செய்து, அதை அவள் வாயில் வைத்திருக்கிறது. இறந்துபோனவள்மேல் ஒரு மாதமாக நான் சுமத்திய பொய் என்னுடையது.

'நெடுநேரம் பேசினாள்' என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். என்ன பேசினாள் என்று ஒரு வார்த்தை இல்லை. மழை எத்தனை மில்லிமீட்டர் என்று இருக்கிறது. அந்த வரியைப் படித்ததும் தாமரை எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். திரும்பி வந்து, "அம்மா இருந்தா சிரிச்சிருப்பாங்கப்பா" என்றாள். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

பாறைக்குப் பக்கத்தில் அவள் பிள்ளைகளை விலக்கியதைப் பற்றிப் போன கடிதத்தில் எழுதியிருந்தேன். உள்ளுக்குள் சிரித்திருப்பாள் என்று. இப்போது அந்த இடத்தில் அவள் முகத்தை நினைவுபடுத்திப் பார்க்கிறேன். சிரிப்பு இல்லை. நான் 'பாம்பு' என்று சொல்லி முடித்ததும் ஒரு கணம் என்னைப் பார்ப்பாள். பிறகுதான் பிள்ளைகளிடம் திரும்புவாள். அந்த ஒரு கணம் எதற்காக என்று பதினொரு முறையும் நான் கேட்கவில்லை.

உன்மேல் பொறாமை போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. அந்த நெடுநேரப் பேச்சை நீ கேட்டிருக்கிறாய். எனக்காகச் சொன்னதை எல்லாம் நீ கேட்டு வைத்திருக்கிறாய். இருக்கும் நாட்களில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வாயா? அவள் பேசியதைப் பேசியபடியே சொல். என்னைப் பற்றிச் சொன்னதையும் விடாதே. அடுத்த வாரம் வருகிறேன், நீ சாப்பிடப் போகாத நேரத்தில். உன் காதருகில் சத்தமாகக் கேட்கிறேன்.

படம் புத்தகத்தில் வரட்டும். 'நம்பிக்கை' இருக்கட்டும், அது அவள் சொல் என்றால். அதன் கீழே சிறிய எழுத்தில் இப்படிப் போடச் சொல் அர்ச்சனாவிடம்: 'வரிப் பாம்பு விலாங்கு. போர்ட் டிக்சன், 11-12-1993. கண்டறிந்தவர்: இராஜம்மா.' பாம்பு என்று சொல்லி அவளை இழுத்தவன் பெயர் தேவையில்லை. படம் எடுத்தவன் பெயர் எப்படியும் அட்டையில் இருக்கிறது.

இன்னொரு உதவி. அந்தப் படத்தில் ஒரு பிரதி கழுவி, அன்று கொடுத்ததைப் போலவே ஓர் உறையில் போட்டு வை. வந்து வாங்கிக்கொள்கிறேன். அங்கேயே, உன் முன்னால், பிரித்துப் பார்க்கிறேன்.

கடைசியாக ஒரு திருத்தம். மார்ச் நான்காம் தேதி நான் எழுதிய கடிதம் உன்னிடம் இருக்கும். அதன் தொடக்கத்தில் ஐந்து குறிப்புகள் உள்ளன. முதல் நான்கைச் சரிபார்த்தேன். நான்காவதில் நான் மேசை முன்னால் இருந்தேன் என்பது சரி. ஐந்தாவது தவறு. நீயும் மறைக்கவில்லை, அவளும் மறைக்கவில்லை. சிவப்புப் பேனாவால் அதை அடித்துவிடு.

உன்,
கார்த்தி